சுவருக்கு வாங்கிய இருநூறு செங்கல்

ஜூன் 9, திங்கள்

மேஸ்திரி ஆறுச்சாமி இன்றும் வரவில்லை. காலை எட்டு மணிக்கு வருவதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன ஆள். எட்டரைக்குப் போன் போட்டால், "கெளம்பிட்டனுங் சார், வண்டில வந்துட்டே இருக்கறன்" என்கிறான். பின்னால் டி.வி. ஓடும் சத்தம் கேட்கிறது. வண்டியில் டி.வி. வைத்திருக்கும் மேஸ்திரி இந்த ஈரோட்டிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

இருநூறு செங்கல் ஒரு மாதமாக வாசலில் அடுக்கிக் கிடக்கிறது. ஸ்கூட்டரை உள்ளே ஏற்ற முடியவில்லை. பக்கவாட்டு மதில் சுவரை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு நாள். அதற்கு இத்தனை இழுத்தடிப்பு.

மரகதம் போய் இன்றோடு முப்பத்திரண்டு நாள். தலைப் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சௌந்தர்யாவை, ஐந்தாம் மாதம் கைப்பிள்ளையோடு கோயமுத்தூரில் கொண்டு போய் விட்டுவிட்டு வர வேண்டியது தாயின் முறை. விட்டுவிட்டு, பத்து நாள் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். பேரனுக்குச் சளி என்றாள் மகள். அப்புறம் தடுப்பூசி என்றாள். அப்புறம் மாப்பிள்ளை வெளியூர் போயிருக்கிறார் என்றாள். காரணத்துக்கா பஞ்சம்.

உரக்கடையில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் முப்பத்தொரு வருஷம் கல்லும் எல்லையும் எழுதினேன். தாலுகா ஆபீஸ் சர்வேயர் நாச்சிமுத்து என்றால் வட்டாரத்தில் தெரியாத காடு கிடையாது. இப்போது ஓய்வு பெற்று ஐந்தாம் மாதம், அதே டைரியில் ரசம் வைத்ததை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரசத்தில் பெருங்காயம் போடவில்லை. டப்பா கிடைக்கவில்லை.

ஜூன் 11, புதன்

மேஸ்திரி வரவில்லை. இடுப்பில் ஒரு பிடிப்பு. வாயுவாக இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

காலையில் டீயில் சர்க்கரை என்று ரவையைப் போட்டுவிட்டேன். அது டீயாகவும் இல்லை, பாயசமாகவும் இல்லை. இந்த மரகதம் எந்த டப்பாவிலும் ஒரு பெயர் எழுதி ஒட்டவில்லை. இருபத்தொன்பது டப்பா. எண்ணிப் பார்த்தேன். எது எதில் என்று இவளுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? ஆபீஸில் இப்படி ஒரு பதிவறை வைத்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

இட்லி மாவு வாங்கக் கடைக்கு ஒரு நடை. வந்து பார்த்தால் தேங்காய் இல்லை. மறுபடி ஒரு நடை. வந்தால் கேஸ் தீர்ந்து போயிருக்கிறது. ஸ்பேர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்று இட்லி தின்பதற்குக் காலை பதினொன்றே கால்.

இடுப்பு வலி வாயு இல்லை. காரணம் சமையல் மேடை. குனிந்து காய் நறுக்கி, குனிந்து தாளித்து, குனிந்து பாத்திரம் கழுவி, நிமிரும்போது ஐயோ என்று சத்தம் வருகிறது. டேப் எடுத்து அளந்தேன். தரையிலிருந்து இரண்டடி நாலு அங்குலம். தொண்ணூற்று நாலில் வீடு கட்டும்போது எங்கம்மா உயரத்துக்கு இரண்டரை அடி வைத்தேன். எங்கம்மா நாலடி எட்டு அங்குலம். பழைய சிமெண்டுத் தரையைப் பேர்க்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டியதில் இரண்டு அங்குலம் போய்விட்டது. அந்த யோசனை என்னுடையதுதான். எவ்வளவு வேலை மிச்சம் தெரியுமா?

டைல்ஸ் ஒட்டும்போது மரகதம், "தரை ஏறுனா மேடை எறங்கிப் போயிருமுங்களே" என்றாள். "நீ சர்வேயரா, நான் சர்வேயரா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். டைல்ஸ்காரன்கூடச் சிரித்தான்.

இரண்டு அங்குலமெல்லாம் ஒரு கணக்கா என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

சௌந்தர்யா போன் செய்தாள். எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன்.

"உங்கம்மா எப்ப வர்றா?"

"அப்பா, அம்மா இப்போதைக்கு வரலையாமா."

"பாப்பனுக்கு இன்னுமா சளி?"

"பாப்பனுக்குச் சளியே இல்லீங்கப்பா. அவன் நல்லாத்தான் இருக்கறான்."

"அப்பறம் என்னதான் கேடு?"

பின்னால் யாரோ மெதுவாக ஏதோ சொன்னது கேட்டது. குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அப்புறம் மகள், "அந்தச் செங்கல் இன்னும் வாசல்லதான் கெடக்குதான்னு கேக்கச் சொன்னாங்க" என்றாள்.

"கெடக்குது. மேஸ்திரி வரல. வந்ததும் சுவரு ஏறிரும்னு சொல்லு."

"சரிங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

செங்கல் கிடந்தால் இவளுக்கென்ன? வந்து கூட நின்று வேலை வாங்க வேண்டியதுதானே. சித்தாளுக்கு டீ போட்டுக் கொடுக்கக்கூட இங்கே ஆளில்லை.

சுவர் ஏன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். தினமும் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், மரகதம் அந்தச் சுவரோரம் போய் நின்றுவிடுவாள். அந்தப் பக்கம் எஸ்தர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், வீட்டில் தனி ஆள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். சிரிப்பு வேறு. ஐந்து மணி டீ எனக்கு ஆறேகாலுக்கு வரும். ஒரு தடவை சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். "நாள் பூராவும் அடுப்படிதானுங், அந்த ஒரு மணி நேரந்தானுங்களே" என்றாள். சொல்லிப் பயனில்லை என்று செங்கல் இறக்கினேன். சுவர் ஐந்தடி ஆகிவிட்டால் எட்டிப் பார்த்துப் பேச முடியாது.

செங்கல் இறங்கிய அன்றைக்கு வாசற்படியில் நின்று பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். உள்ளே போய்விட்டாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மே மாதம் போவதாக முன்னாடியே பேசியிருந்தது.

ஜூன் 18, புதன்

மேஸ்திரி வரவில்லை. மாமியார் ஊரில் கெடா விருந்தாம்.

கால்களை அகட்டி வைத்து நின்றால் மேடைக்குக் கொஞ்சம் சரியாக வருகிறது. ஆனால் பத்து நிமிஷத்தில் தொடை நடுங்குகிறது. பிறகு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் இடிக்கிறது. என்னைப் போல நடுத்தர உயரம் உள்ள ஆளுக்கே இந்தப் பாடு என்றால்...

தயிர் புளித்துவிட்டது.

ஜூன் 21, சனி

சாயங்காலம் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஸ்தர் டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தூக்குப் போசியை நீட்டினார்.

"மீன் கொழம்புங்க அண்ணா. மரகதம் இல்லாம என்ன சாப்பிடறீங்களோ."

"எல்லாம் சமைக்கறனுங் டீச்சர். வேண்டாங்க."

"இடுப்பப் புடிச்சுட்டு நிக்கறதப் பாத்தாலே தெரியுது. மரகதமும் இதே மாதிரிதான் நிக்கும். டாக்டர் குடுத்த மாத்தர மிச்சம் எங்கிட்ட ஒரு பட்டை இருக்குது, தரட்டுங்களா?"

"எந்த டாக்டரு?"

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போன வருசம் ரெண்டு தடவ நான்தானுங்க கூட்டிட்டுப் போனேன். முதுகெலும்புல தேய்மானம்னாங்க. மாத்தர எல்லாம் சும்மா, சமையல் மேடைய ஒசத்துங்க மொதல்லன்னு சொன்னாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

"சொல்லுச்சாமா. நீங்க பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்களாமா."

தூக்குப் போசியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். கோபம் கோபமாக வருகிறது. டீச்சர் மேலா, டாக்டர் மேலா, மரகதம் மேலா என்று தெரியவில்லை. உரக்கச் சொன்னால் என்ன? நான் என்ன செவிடா? நம் வீட்டு விஷயம் அடுத்த வீட்டுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போவதா?

பேப்பர் பணம் வாங்க வந்தவனிடம் காரணமில்லாமல் சத்தம் போட்டேன். குழம்பு நன்றாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று பேப்பர் படிக்கவில்லை. அவன் போடவில்லை.

ஜூன் 26, வியாழன்

சொல்லாமல் கொள்ளாமல் பத்து மணிக்கு ஆறுச்சாமி வந்து நிற்கிறான், பொன்னாத்தாள் என்ற சித்தாளோடு. பதினேழு நாள் என்னைக் காக்க வைத்தவன் பல்கூட விளக்காத நேரமாகப் பார்த்து வருகிறான். நான் பல் விளக்கியிருந்தேன், குளிக்கத்தான் இல்லை.

"சுவத்த எங்கிருந்துங் சார் ஒசத்தோணும்?" என்று கரண்டியை எடுத்தான்.

நான் சுவரைப் பார்த்தேன். செங்கலைப் பார்த்தேன். "சுவரு கெடக்குது, நீ உள்ள வா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. இடுப்பு வலிதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

சமையலறையைக் காட்டினேன். மேடையை உயர்த்த வேண்டும் என்றேன். பொன்னாத்தாள் மேடை முன்னால் போய் நின்று பார்த்தாள்.

"இதென்னுங் சார், பள்ளிக்கொடத்துப் புள்ளைக்குக் கட்டுன மாதிரி இருக்குது. அம்மா இதுலயா முப்பது வருசம் சோறாக்குனாங்க?"

"உன்னைய வேலைக்குக் கூப்பிட்டனா, கேள்வி கேக்கக் கூப்பிட்டனா?" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்தக் கேள்வி அங்கேயே நின்றது.

ஆறுச்சாமி தட்டிப் பார்த்துவிட்டு, கடப்பாக் கல்லைத் தாங்குகிற சுவர் உப்பு அரித்துப் போயிருக்கிறது, அடியிலிருந்து புதிதாக எழுப்பினால்தான் நிற்கும் என்றான். வாசலில் கிடக்கும் செங்கல் தாராளம் என்றான். எல்லாம் சரி. அப்புறம் ஒரு கேள்வி கேட்டான் பாருங்கள்.

"ஆரு நின்னு சமைக்கறாங்களோ அவிய முழங்கைக்கு நாலு வெரக்கடை கீழ கல்லு நிக்கோணுமுங். அம்மா முழங்கை தரையில இருந்து எத்தன ஒசரமுங்?"

எனக்குத் தெரியவில்லை.

"ஆள் ஒசரமாச்சும் சொல்லுங், நான் கணக்குப் போட்டுக்கறன்."

அதுவும் தெரியவில்லை.

"ஊரு எல்லையெல்லாம் அளந்த சர்வேயர் சாருக்கே தெரியலீங்களா!" என்று பல்லைக் காட்டினான். கையில் டேப் இருந்தது, அவன் தலையில் போடலாமா என்று இருந்தது.

போகும்போது, "ஆடி பொறந்தா அடுப்பெடுத்து மாத்தி வெக்க மாட்டாங்கோ. அதுக்குள்ள அளவச் சொல்லிப் போடுங். திங்கக்கெழம வர்றனுங்" என்றான்.

ஜூன் 27, வெள்ளி

நாள் பூராவும் அளவு தேடினேன். புடவையை எடுத்துப் பார்த்தேன், புடவை எல்லோருக்கும் ஒரே நீளம்தான். ஆதாரில் உயரம் போடுவதில்லை. என்ன கண்றாவி அட்டையோ.

கல்யாணப் போட்டோவை இறக்கித் துடைத்தேன். அதில் இரண்டு பேர் தலையும் ஒரே மட்டம். ஆனால் அந்தப் போட்டோவை வைத்து அளக்க முடியாது. எனக்குக் காலடியில் ஒரு மணைப்பலகை இருந்தது. வேட்டி மறைத்திருக்கிறது. போட்டோக்காரன்தான் ரொம்பவும் வற்புறுத்தினான்.

அதற்குப் பின்னால் எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் பக்கத்தில் நிற்கிறாள். குடும்பத் தலைவன் உட்காருவதுதானே வழக்கம்.

ஜூன் 28, சனி

வேறு வழியில்லாமல் மகளுக்குப் போன் போட்டேன்.

"உங்கம்மா ஒசரம் என்ன?"

"எதுக்குங்கப்பா?"

"இன்சூரன்ஸ் பாரத்துல கேக்கறான்."

ஏன் பொய் சொன்னேன்? மேடை கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால் வாய் என்ன வெந்தா போய்விடும்? சொல்ல வரவில்லை. சொன்னால், முப்பது வருஷமாக இது தெரியவில்லையா என்று ஒரு கேள்வி வரும்.

மகள் போனைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள். திரும்பி வந்து, "அம்மா சொல்றாங்க, முப்பது வருசமாப் பக்கத்துலதான் நின்னேன், வேணுங்கறவங்க அவங்களே எங்கிட்டக் கேக்கட்டும்னு" என்றாள்.

நான் கேட்கவில்லை. எனக்கென்ன தலையெழுத்தா?

ஜூன் 30, திங்கள்

மேஸ்திரி வரவில்லை. வந்திருந்தாலும் சொல்ல அளவில்லை.

ஜூலை 2, புதன்

மீன் குழம்பு வந்த போசியைத் திருப்பிக் கொடுக்கச் சுவரோரம் போனேன். வெறும் போசியாகக் கொடுக்கக் கூடாது என்று நாலு எலுமிச்சம்பழம் போட்டிருந்தேன். டீச்சர் வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார். கேட்டுவிட்டேன்.

"டீச்சர், மரகதம் உங்களவிட ஒசரமுங்களா?"

"என்னையவிடவா? நல்லாக் கேட்டீங்க! இங்கதானுங்க நிக்கும்." டீச்சர் சுவரில் ஓர் இடத்தைத் தட்டினார். "ரெண்டு முழங்கையும் சுவத்து மேல வெச்சு, இப்படி நேரா நிமுந்து நிக்கும். அதுக்குன்னே அளவெடுத்துக் கட்டுன சுவரு மாதிரி. 'டீச்சர், இங்க வந்து நின்னாத்தான் இடுப்புக்கு உசுரு வருது'ன்னு சொல்லும்."

பார்த்தேன். சுவரின் மேல்பூச்சு அந்த இடத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. எத்தனை வருஷம் வைத்த கையோ.

டேப் கொண்டு வந்தேன். மூன்றடி ஆறு அங்குலம். சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதுதான்.

என் முழங்கையை வைத்துப் பார்த்தேன். தோள் தூக்கிக்கொண்டது. டீச்சர் வேறு பக்கம் பார்த்தார்.

நான் எழுதித்தான் ஆக வேண்டும். இந்த வீட்டில் அவள் குனியாமல் நின்ற இடம் அது ஒன்றுதான். அதைத்தான் உயர்த்துவதற்கு நான் செங்கல் இறக்கினேன். அவள் முன்னாலேயே இறக்கினேன். எதற்கு என்று கேட்டதற்கு, "நீ வாயடிக்காம இருக்கறதுக்கு" என்று சொன்னேன். லாரிக்காரன் நின்றுகொண்டிருந்தான். போன தடவை எழுதியபோது இதை விட்டுவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது.

பால்காரன் இன்று கால் லிட்டர் குறைத்து ஊற்றிவிட்டான், நாளைக்குக் கேட்க வேண்டும்.

ஜூலை 5, சனி

ஆறுச்சாமி வந்தான். முழங்கை மூன்றரை அடி, மேடை மூன்றடி இரண்டு அங்குலம் என்றேன். "சாரு கண்டுபுடிச்சுட்டாரு" என்று பொன்னாத்தாளிடம் கண்ணைக் காட்டினான். ஒரே நாளில் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். வீடு பூராவும் தூசி. டப்பா இருபத்தொன்பதும் கட்டிலின் மேல். நான் படுப்பது தரையில்.

ஜூலை 7, திங்கள்

மேஸ்திரி வரவில்லை. இடிக்க மட்டும் ஓடி வந்தான்.

ஜூலை 8, செவ்வாய்

வரவில்லை. ஆடிக்கு இன்னும் எட்டே நாள். போனை எடுக்கவும் மாட்டேன் என்கிறான். அவன் வீட்டுக்கே ஸ்கூட்டரில் போனேன். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். "வண்டிலயா இருக்கற?" என்று கேட்டேன். அவனும் சிரித்தான், அவன் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "ஆறுச்சாமி, ஆடிக்குள்ள முடிக்கலீன்னா என் பொண்டாட்டி வரமாட்டா" என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. அவன் சிரிப்பை நிறுத்தினான். சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

ஜூலை 10, வியாழன்

செங்கல் கட்டு முடிந்தது. நானே தண்ணீர் தெளித்தேன். சிங்க் குழாய்க்குப் பிளம்பர் வர வேண்டும். பிளம்பர் வண்டியில் வந்துகொண்டிருக்கிறானாம்.

சாப்பாடு டீச்சர் வீட்டிலிருந்து. அவரிடம் எனக்குச் சமைக்கத் தெரியும் என்று இனிமேல் சொல்வதற்கில்லை.

ஜூலை 12, சனி

முடிந்தது. கல் பதித்து, குழாய் பூட்டி, அடுப்பை வைத்துப் பார்த்தோம். பொன்னாத்தாள் மேடையைத் தடவிப் பார்த்து, "இப்பத்தானுங் அம்மாவுக்குக் கட்டுன மாதிரி இருக்குது" என்றாள். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

எனக்குத்தான் இடிக்கிறது. அடுப்பின் மேல் குண்டானை வைத்தால் உள்ளே கொதிப்பது என்னவென்று எட்டித்தான் பார்க்க வேண்டும். ஆறுச்சாமி போகும்போது பரண் மேலிருந்து ஒரு மணைப்பலகையை எடுத்துத் துடைத்து, அடுப்புக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து ஏழு தடவை போனை எடுத்து வைத்தேன். எட்டாவது தடவை மகளுக்குப் போடாமல் மரகதம் நம்பருக்கே போட்டேன். அவள் போன பிறகு இதுதான் முதல் தடவை.

"நாந்தான்" என்றேன்.

"தெரியுதுங்" என்றாள்.

என்ன பேசுவது? "மேடை கட்டியாச்சு. ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சோணும். புதன்கெழமதான் கடைசி."

"எந்த மேடைங்?"

"அடுப்பு மேடைதான். ஒசத்திக் கட்டியாச்சு. மூணடி ரெண்டு அங்குலம்."

பேரன் எங்கோ கத்துவது மட்டும் கேட்டது.

"அந்த அளவு எப்படித் தெரிஞ்சுதுங்?"

"சுவத்த அளந்தேன். நீ கைய வெக்கற எடத்துல."

அழுகிறாளா என்று தெரியவில்லை. அவள் அழுதால் எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியவில்லை, அதையும் நான் கவனித்ததில்லை.

"செங்கல்லு எதுங்?"

"அதேதான். சுவருக்கு வாங்குனது."

"அத்தனையும் தீந்துருச்சுங்களா?"

"அம்பத்து மூணு மிச்சம்."

"அந்த அம்பத்து மூணும் வாசல்ல கெடக்கறவரைக்கும் நான் வர்லீங்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அனுப்பிடறேன். வந்தா இருப்பியா?"

"வந்து பாத்துட்டுச் சொல்றேனுங்."

வைத்துவிட்டாள். நல்ல வேளை, வைத்துவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

எஸ்தர் டீச்சர் வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல் ஆடுகிறதாம், கீழே கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமாம். மிச்சத்தைத் தருகிறீர்களா என்று அவர் கேட்பதற்குள் கொடுத்துவிட்டேன். கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போவானேன் என்று சுவர் மேலாகவே ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். டீச்சர் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். ஐம்பத்து மூன்று கல்லுக்கு ஐம்பத்து மூன்று தடவை குதிகாலைத் தூக்கினேன்.

இருபதாவது கல்லில் அவர் மகன் ஓமானில் இருந்து பேசுவதே இல்லை என்ற பேச்சு வந்தது. முப்பதாவது கல்லில் என் ஆபீஸ் கதை. முடித்துவிட்டுக் கைகழுவி மணி பார்த்தால் ஆறரை. ஐந்துக்குத் தொடங்கினோம். ஒன்றரை மணி நேரம். இடையில் டீ ஞாபகமே வரவில்லை.

இதைப் பற்றி மரகதத்திடம் நானாகச் சொல்லப் போவதில்லை.

ஜூலை 16, புதன்

எட்டரை மணி பஸ்ஸில் வந்தாள். ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன். கையில் சின்னப் பை ஒன்றுதான். போகும்போது கொண்டு போன பெரிய பெட்டி வரவில்லை. நான் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் அந்தப் பை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

வாசலில் இறங்கி, செங்கல் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தேன். பையை ஹாலில் வைத்தாள். நான் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் நேரே சுவருக்குப் போனாள்.

நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். பால் பாத்திரத்தோடு நான் நிற்கிறேன். அங்கே இரண்டு முழங்கையும் சுவர் மேல். டீச்சர் என்னவோ சொல்கிறார், இவள் சிரிக்கிறாள். ஒன்பதரை. ஒன்பதே முக்கால். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது ஐம்பதுக்கு, "அங்க என்ன" என்று வாய் திறந்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான், "வெயிலு ஏறுது, டீச்சரையும் உள்ள வரச்சொல்லேன்" என்று முடித்தேன். எப்படி அது வாயில் வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

பத்து மணிக்கு உள்ளே வந்தாள். மேடை முன்னால் நின்றாள். இரண்டு கையையும் கல்லின் மேல் விரித்து வைத்தாள். குனியவில்லை. அப்படியே நின்றாள். முதுகு நேராக இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அந்த அறையில் அவ்வளவு உயரமாக நான் பார்த்ததில்லை. என்னைவிட அரை அடி உயரம். எழுதிவிட்டேன், இனி அதில் மறைக்க ஒன்றுமில்லை.

அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கியது. டீச்சர் கண்ணை மூடி அவர் முறைப்படி ஏதோ முணுமுணுத்தார். மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆவியாக இருக்கும் என்று எழுதத்தான் கை போகிறது. ஆவி இல்லை.

அப்போதுதான் அவள் காலில் மணைப்பலகை இடறியது.

"இது எதுக்குங்?"

அவள் மணையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். எடுத்துப் பரணில் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். காலால் தள்ளி அடுப்புக்கு நேராக வைத்தாள்.

"இங்கயே கெடக்கட்டுமுங். சாயங்கால டீயும் நாளைக்கு ரசமும் நீங்கதான வெக்கோணும்."

"அப்ப நீ?"

"எனக்கு அஞ்சு மணிக்கு வேலை இருக்குதுங்."

அதற்குப் பிறகு கூடத்தில் போய் மகளுக்குப் போன் போட்டாள். நான் டப்பாக்களை அடுக்குகிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பேரன் தூங்கினானா, மருந்து கொடுத்தாயா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "அந்தப் பெரிய பெட்டிய ஞாயித்துக்கெழம மாப்பிள்ளைகிட்டக் குடுத்தனுப்பு கண்ணு" என்றாள். என் கையிலிருந்த டப்பா நழுவித் தரையெல்லாம் கடுகு. கூட்டி அள்ள முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெருங்காய டப்பாவும் அப்போதுதான் அகப்பட்டது.

இப்போது மணி ஐந்தரை. அவள் சுவரோரம் நிற்கிறாள். சிரிப்புச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. டைரியை மூடிவிட்டு எழ வேண்டும். மணையில் ஏறி டீ வைக்க வேண்டும். மூன்று டம்ளர். டீச்சருக்குச் சர்க்கரை கூடாது.